டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை புரோகிராமிலிருந்தே இயக்குவது எப்படி? சேலம் கடை பில்லை வைத்து ஒரு முழு வழிகாட்டி

சேலம் லீ பஜாரில் மளிகை மொத்தக் கடைகள், செவ்வாய்ப்பேட்டையில் மண்டிகள், ஊரைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகளின் எடைமேடைகள், லாரி புக்கிங் ஆபீஸ்கள், ஏற்காட்டில் காபி எஸ்டேட் அலுவலகங்கள். இங்கெல்லாம் லேசர் பிரிண்டர் வந்த பிறகும் டாட் மேட்ரிக்ஸ் போகவில்லை. காரணம் நகல். சரக்கு விற்றால் ஜிஎஸ்டி விதிப்படி விலைப்பட்டியல் மூன்று பிரதி வேண்டும்: வாங்குபவருக்கு அசல், சரக்கை ஏற்றிப் போகிறவருக்கு இரண்டாவது, விற்றவருக்கு மூன்றாவது. ஊசி தட்டி அச்சடிக்கும் இயந்திரம் மூன்றையும் ஒரே அடியில் முடித்துவிடும். தெர்மல் தாளைப் போல நாளடைவில் எழுத்து வெளுக்காது என்பதால், வருடக்கணக்கில் கோப்பில் இருக்க வேண்டிய ரசீதுக்கும் இதுவே பொருத்தம்.

பில் புரோகிராம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இரண்டு இடத்தில். ஒன்று, கணினியிலிருந்து கிளம்பிய பைட் வழியில் மாறிப்போகிறது. மற்றொன்று, முந்தைய வேலையில் கொடுத்த கட்டளையைப் பிரிண்டர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில் போய் முடியும்.

கட்டளைகளை இங்கே பத்தடிமான எண்களாகவே கொடுத்திருக்கிறோம். பைத்தான், சி ஷார்ப், ஜாவா, பழைய ஃபாக்ஸ்புரோ எதில் எழுதினாலும் பிரிண்டருக்குப் போய்ச் சேர வேண்டியது இந்த எண்கள்தான்.

எந்தப் பிரிண்டர் என்று முதலில் பாருங்கள்

கடைகளில் இருப்பவை இரண்டு வகை. டிவிஎஸ் எம்எஸ்பி 250 சாம்பியன், எப்சன் எல்எக்ஸ்-310 போன்றவை 9 பின், அதாவது அச்சடிக்கும் தலையில் 9 ஊசி. எப்சன் எல்க்யூ-310 போன்றவை 24 பின். எழுத்து அச்சடிக்கும் கட்டளைகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. வரி இடைவெளியின் அலகும் படம் வரையும் கட்டளையும் மட்டும் மாறும். வரி இடைவெளியை மாற்றும் 27 51 கட்டளையின் அலகு 9 பின்னில் ஓர் அங்குலத்தில் 216-ல் ஒரு பங்கு, 24 பின்னில் 180-ல் ஒரு பங்கு.

எப்சன் எஸ்கேப் கட்டளைத் தொகுப்பைத்தான் இந்த வழிகாட்டி பின்பற்றுகிறது. எஸ்கேப் என்பது பெரும்பாலான கட்டளைகளின் முன்னால் வரும் 27 என்ற எண். பெரும்பாலான பிரிண்டர்களில் ஐபிஎம் புரோபிரிண்டர் என்று இன்னொரு தொகுப்பும் உண்டு. பிரிண்டரின் அமைப்பு பட்டியலில் எமுலேஷன் எப்சன் என்று இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஐபிஎம்மில் இருந்தால் இங்குள்ள பல எண்களுக்கு வேறு பொருள் வரும், சில வேலையே செய்யாது.

பைட்டைக் கெடுக்காமல் கொண்டு சேர்ப்பது

விண்டோஸில் பிரிண்டரின் சொந்த டிரைவர் வழியாக அனுப்பினால் உங்கள் பில்லை அது படமாக மாற்றி வரி வரியாக வரையும். பில் மெதுவாக வரும், எழுத்து மங்கலாக இருக்கும், எஸ்கேப் கட்டளையும் பலிக்காது. இதைத் தவிர்க்க பிரிண்டருக்கு நேரடியாக, ரா முறையில் அனுப்ப வேண்டும். அதற்கு மூன்று வழி.

முதல் வழி விண்டோஸின் ஸ்பூலர் செயல்கள். ஓபன்பிரிண்டர், ஸ்டார்ட்டாக்பிரிண்டர், ரைட்பிரிண்டர், எண்ட்டாக்பிரிண்டர், குளோஸ்பிரிண்டர் என்ற வரிசையில் அழைத்து, ஆவண வகையை ரா என்று கொடுக்க வேண்டும். பைத்தானில் வின்32பிரிண்ட் தொகுதி இதே செயல்களைத் தருகிறது. புதிதாக எழுதுகிறவர்கள் இதையே பிடித்துக்கொள்ளலாம். யுஎஸ்பி, நெட்வொர்க், பேரலல் எதில் இருந்தாலும் பிரிண்டரின் பெயர் தெரிந்தால் போதும்.

இரண்டாவது, பிரிண்டரை ஷேர் செய்துவிட்டு, பைட்டுகள் உள்ள கோப்பை கமாண்ட் சாளரத்தில் காப்பி கட்டளையால் அந்த ஷேர் பெயருக்கு அனுப்புவது. இதில் சாய்கோடு பி என்ற தேர்வை விடக்கூடாது. அதை விட்டால் கோப்பில் 26 என்ற பைட் வந்த இடத்தோடு காப்பி நின்றுவிடும். எழுத்து மட்டும் உள்ள பில்லில் 26 வராது என்பதால் மாதக்கணக்கில் சரியாக ஓடும். லோகோ சேர்த்த அன்றைக்கு பாதி பில்லில் நிற்கும்.

மூன்றாவது வழி லினக்ஸ். எல்பி கட்டளைக்கு ரா தேர்வைக் கொடுக்கலாம், அல்லது டெவ் அடைவில் யுஎஸ்பிக்குள் இருக்கும் எல்பி0 கோப்பை பைனரியாகத் திறந்து எழுதலாம்.

பழைய டாஸ் புரோகிராம் எல்பிடி1 தவிர வேறொன்றையும் அறியாது. கணினியில் பேரலல் போர்ட் இல்லை என்று யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் போட்டாலும், விண்டோஸ் அதை யுஎஸ்பி001 என்றுதான் காட்டும், எல்பிடி1 ஆக்காது. பிரிண்டரை ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அந்த ஷேருக்குத் திருப்பி, பெர்சிஸ்டன்ட் தேர்வை யெஸ் என்று வைத்தால் புரோகிராமைத் தொடாமலே வேலை நடக்கும்.

எந்த வழியில் போனாலும், பில்லை எழுத்துச் சரமாகக் கட்டாமல் பைட் வரிசையாகக் கட்டுங்கள். பைட் கெடுவது மூன்று விதம்:

கோப்பை டெக்ஸ்ட் முறையில் திறந்தால், விண்டோஸில் ஒவ்வொரு 10-க்கும் முன்னால் ஒரு 13 தானாகச் சேரும். எழுத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. படத்தின் நடுவே ஒரு பைட் கூடினால் மிச்சப் படம் ஒரு புள்ளி தள்ளிப்போகும், கடைசியில் ஒரு பைட் மீந்து எழுத்தாக அச்சாகும்.

யுடிஎஃப்-8 ஆக மாற்றி அனுப்பினால் 127-க்கு மேற்பட்ட ஒவ்வொரு எண்ணும் இரண்டு பைட் ஆகும். 196 என்பது 195, 132 என்று பிரியும்.

சி மொழியின் சரச் செயல்கள் 0-ஐக் கண்டால் சரம் முடிந்தது என்று நின்றுவிடும். கட்டளைகளில் 0 அடிக்கடி வரும். நீளத்தை எண்ணாகக் கொடுத்து அனுப்பும் செயலையே பயன்படுத்துங்கள்.

முதல் சோதனை

கீழே உள்ள பைட்டுகளை அப்படியே அனுப்புங்கள்:

27 64
27 69 83 65 76 69 77 27 70 13 10
15 83 65 76 69 77 18 13 10
12

27 64 பிரிண்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். 27 69 தடித்த எழுத்து, 27 70 அதை நிறுத்தும். நடுவில் இருப்பது சேலம் என்ற பெயர், ஆங்கில எழுத்தில். 15 நெருக்கமான சிறிய எழுத்து, 18 பழைய அளவு. 13 தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவரும், 10 தாளை ஒரு வரி ஏற்றும், 12 அடுத்த பக்கத்துக்குத் தள்ளும்.

முதல் வரியில் தடித்த எழுத்தும் இரண்டாம் வரியில் சிறிய எழுத்தும் வந்தால் வழி சரியாக இருக்கிறது. ஊர்ப்பெயருக்கு முன்னால் மின்னஞ்சலில் வரும் அட் குறியும் பெரிய ஈ எழுத்தும் அச்சாகியிருந்தால், 27 மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்து, அதற்கு அடுத்த எண் எழுத்தாகிவிட்டது என்று பொருள். டிரைவரை மாற்றுங்கள், அல்லது ரா வகை உண்மையிலேயே ரா என்று போகிறதா என்று பாருங்கள். எழுத்து இருக்க வேண்டியதைவிட மிக மெதுவாக, இரண்டு மூன்று ஓட்டத்தில் வந்தால் டிரைவர் படமாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

பில் முடிந்ததும் கேட்காமலே இன்னொரு வெற்றுப் பக்கம் போகிறதா? பிரிண்டர் பண்புகளில் பிரிண்ட் பிராசசர் பகுதியைத் திறந்து பாருங்கள். ரா என்பதற்குப் பக்கத்திலேயே, முடிவில் ஃபார்ம் ஃபீட் சேர்க்கும் இன்னொரு ராவும் அங்கே உண்டு. அது தேர்வாகியிருக்கலாம்.

தாளின் நீளம்: இங்கேதான் அதிகம் கெடுகிறது

கடைகளில் ஓடும் துளையிட்ட தாள் பெரும்பாலும் 10 அங்குல அகலம், 12 அங்குல நீளம். அதையே பாதியில் கிழிகோடு போட்டு 10-க்கு 6 ஆகவும் வாங்குவார்கள். மொத்தக் கடை பில்லுக்கு இந்த அரைத் தாள் போதும்.

பிரிண்டருக்குத் தாளின் நீளம் தானாகத் தெரியாது. அது பக்கம் 11 அங்குலம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் 6 அங்குலத் தாளில் பில் அடித்து 12 அனுப்பும்போது 11 அங்குலம் நகர்த்தும். அடுத்த பில் கிழிகோட்டுக்கு ஓர் அங்குலம் மேலே தொடங்கும். இதைச் சரிசெய்ய புரோகிராமில் வெற்று வரிகளை எண்ணி எண்ணிச் சேர்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். ஒரு பொருளின் பெயர் நீண்டு இரண்டு வரிக்குப் போனாலே அந்தக் கணக்கு உடைந்துவிடும். பக்க நீளத்தைச் சொல்லிவிட்டு, பில் முடிவில் ஒரே ஒரு 12 அனுப்புவதுதான் முறை.

நீளத்தை அங்குலத்தில் சொல்ல:

27 67 0 6

வரிக் கணக்கில் சொல்ல:

27 67 36

அங்குலத்துக்கு 6 வரி என்ற சாதாரண இடைவெளியில் 6 அங்குலத்துக்கு 36 வரி. வரிக் கணக்கில் சொன்னால், அந்த நேரத்தில் எந்த இடைவெளி இருக்கிறதோ அதை வைத்தே பிரிண்டர் நீளத்தைக் கணக்கிடும். முன்பே யாராவது 27 48 அனுப்பி அங்குலத்துக்கு 8 வரி ஆக்கியிருந்தால் 36 வரி என்பது நாலரை அங்குலமாகிவிடும். அதனால் அங்குல வடிவமே நல்லது. ஐந்தரை அங்குலம் போன்ற தாளுக்கு மட்டும், முதலில் 27 50 அனுப்பி இடைவெளியைச் சாதாரணமாக்கிவிட்டு, 27 67 33 கொடுங்கள்.

அடுத்தது பலருக்கும் தெரியாத விஷயம். 27 64, 27 67 இரண்டுமே, தாள் அந்த நொடியில் நிற்கும் இடத்தைப் பக்கத்தின் தலை என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பில்லின் தொடக்கத்திலும் 27 64 அனுப்பும் புரோகிராம் நன்றாகத்தான் ஓடும். நடுவில் கடைப் பையன் ஒருமுறை எல்எஃப் பொத்தானை அழுத்தித் தாளை இரண்டு வரி ஏற்றிவிட்டால், அடுத்த பில்லின் 27 64 அந்தத் தவறான இடத்தையே தலையாகப் பதிவுசெய்யும். அன்று முழுவதும் எல்லா பில்லும் இரண்டு வரி கீழே வரும். பழி தாள்மேல் விழும்.

அதனால் கட்டளைகளை இரண்டாகப் பிரியுங்கள். புரோகிராமில் தாள் பொருத்து என்று ஒரு பொத்தான் வையுங்கள். காலையில் கடை திறந்ததும், பிரிண்டரை அணைத்துப் போட்டதும், புதுத் தாள் மாட்டியதும், கிழிகோட்டைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு அதை ஒருமுறை அழுத்த வேண்டும். அது அனுப்புவது:

27 64
27 50
27 67 0 6
27 79

கடைசியில் உள்ள 27 79, கிழிகோட்டைத் தாண்டிக் குதிக்கும் வசதியை நிறுத்தும். சில பிரிண்டர்களில் அது முன்கூட்டியே இயக்கத்தில் இருக்கும். சின்னத் தாளில் அது தொல்லை.

ஒவ்வொரு பில்லின் தொடக்கத்திலும் அனுப்ப வேண்டியது வேறு:

18 20
27 33 0
27 119 0
27 50

நெருக்க எழுத்து, அகல எழுத்து, தடிப்பு, அடிக்கோடு, இரட்டை உயரம் எல்லாவற்றையும் இது அணைத்து, அங்குலத்துக்கு 10 எழுத்து, 6 வரி என்ற நிலைக்குக் கொண்டுவரும். பக்கத்தின் தலையைத் தொடாது. பையன் தாளைப் பொத்தானால் நகர்த்தினாலும் பிரிண்டரின் கணக்கு பிசகாது. கைத்திருகால் நகர்த்தினால் பிசகும். மின்சாரம் இருக்கும்போது அந்தத் திருகைத் தொடவே கூடாது. கணக்கு கெடுவதோடு பற்சக்கரமும் தேயும்.

பல மாடல்களில் முன்பக்கப் பொத்தான்கள் வழியாக 6 அங்குலத்தை நிரந்தர நீளமாகவே பதித்து வைக்கலாம். மின்சாரம் போய் வந்தாலும் நீளம் நிற்கும் என்பதால், ஒரே தாள் ஓடும் கடையில் அதையும் செய்துவிடுவது நல்லது.

பில் முடிந்ததும் கிழிகோடு கிழிக்கும் விளிம்புக்கு வந்து நிற்பதற்கு பிரிண்டரின் டேர் ஆஃப் வசதியையே நம்புங்கள். சில 9 பின் மாடல்களில் தாளைப் பின்னுக்கு இழுக்கும் 27 106 உண்டு. மூன்று பிரதித் தாளில் அடுக்குகள் விலகிச் சிக்கும் என்பதால் அதைத் தவிர்க்கலாம்.

எழுத்தின் அளவு, மூன்றாம் பிரதி

8 அங்குல அச்சு அகலத்தில் எத்தனை எழுத்து கொள்ளும் என்பது இது:

27 80: அங்குலத்துக்கு 10, வரிக்கு 80
27 77: அங்குலத்துக்கு 12, வரிக்கு 96
27 80, பிறகு 15: அங்குலத்துக்கு ஏறத்தாழ 17, வரிக்கு 137
27 77, பிறகு 15: அங்குலத்துக்கு 20, வரிக்கு 160

நிறையக் கொள்கிறதே என்று 137-க்குப் போகாதீர்கள். அடிப் பிரதியில் 3, 8, 6 மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். மூன்று பிரதி பில்லில் எடையும் தொகையும் 10 எழுத்து அளவிலேயே இருக்கட்டும். முகவரி, நிபந்தனை போன்றவற்றுக்கு மட்டும் நெருக்க எழுத்து.

அடிப் பிரதி மங்கினால் மொத்தத் தொகை வரியில் மட்டும் 27 71 போடுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு முறை அடிக்கும். 27 72 நிறுத்தும். பில் முழுவதற்கும் இதைப் போட்டால் நேரம் இரட்டிப்பாகும், ரிப்பனும் சீக்கிரம் போகும். அதற்கு முன்னால் தாள் கனம் மாற்றும் நெம்புகோலைப் பாருங்கள். ஒற்றைத் தாள் நிலையில் விட்டுவிட்டு மூன்று அடுக்கு ஓட்டினால் மை அப்பும், தாள் கிழியும். தேவைக்கு மேல் தள்ளி வைத்தால் அடி தாளுக்குப் பலமாக எட்டாது.

27 33 என்பதற்குப் பின்னால் ஒரே எண்ணில் பல வேலையைச் சேர்த்துச் சொல்லலாம். 12 எழுத்து அளவுக்கு 1, நெருக்கத்துக்கு 4, தடிப்புக்கு 8, இரட்டை அடிக்கு 16, இரட்டை அகலத்துக்கு 32, அடிக்கோட்டுக்கு 128. தேவையானதைக் கூட்டிக்கொள்ளுங்கள். கடைப் பெயருக்கு அகலமும் தடிப்பும் வேண்டுமென்றால் 32 + 8:

27 33 40

இந்தக் கட்டளை முன்பு போட்ட எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். 27 69 போட்டுவிட்டு அதன் பிறகு 27 33 4 அனுப்பினால் தடிப்பு போய்விடும். ஒரே பில்லில் இரண்டு முறையையும் கலக்காமல் இருப்பது நல்லது.

பில்லை அடுக்குவது

ஜவ்வரிசி, மளிகை மொத்தக் கடைக்கு 80 எழுத்து வரி இப்படிப் பொருந்தும்: வரிசை எண் 4, பொருள் 32, மூட்டை 8, எடை 12, விலை 10, தொகை 14. எண்களை வலப்பக்கம் ஒட்டி, இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பி எழுதுங்கள். பொருளின் பெயரை 31 எழுத்தில் வெட்டிவிடுங்கள், இல்லையேல் தொகை அடுத்த வரிக்கு உருளும்.

36 வரியில் தலைப்புக்கு 8, பொருட்களுக்கு 18, ஜிஎஸ்டி விவரமும் மொத்தமும் 6. கடைசி 4 வரியை வெறுமையாக விடுங்கள். கிழிகோட்டை ஒட்டி அடித்தால் தலை அந்தத் துளை விளிம்பில் மாட்டும். பொருட்கள் 18-ஐத் தாண்டினால் தொடர்ச்சி என்று எழுதி, 12 அனுப்பி, தலைப்பை மறுபடி அடியுங்கள். 19-ஆவது பொருளைச் செருகிப் பார்க்க வேண்டாம்.

வரி முடிவில் எப்போதும் 13 10 இரண்டையும் அனுப்புங்கள். வரிகள் இரட்டை இடைவெளியில் வந்தால் பிரிண்டரில் ஆட்டோ எல்எஃப் இயக்கத்தில் இருக்கிறது, அணைத்துவிடுங்கள். எல்லா வரியும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் 10 போய்ச் சேரவில்லை.

கட்டம் போடும் கோடுகளுக்கு 196 படுக்கைக் கோடு, 205 இரட்டைக் கோடு, 179 நிற்கும் கோடு. அதற்கு எழுத்து அட்டவணை சரியாக இருக்க வேண்டும்:

27 116 1
27 54

இவை இல்லாமல், பிரிண்டர் இட்டாலிக் அட்டவணையில் இருந்தால், 196 வந்த இடத்திலெல்லாம் சாய்ந்த டி எழுத்து வரிசையாக நிற்கும். 128 கழித்தால் 68, அது டியின் எண். உண்மையில் சாதாரண இடைக்கோடு, 45 என்ற எண், பெரும்பாலான பில்லுக்குப் போதும். எந்தப் பிரிண்டரிலும் மாறாமல் வரும்.

ரூபாய்க் குறி

ரூபாய்க் குறி 2010-ல்தான் வந்தது. இந்தப் பிரிண்டர்களின் எழுத்து அட்டவணை அதற்கு வெகுகாலம் முந்தையது. ஆகவே குறியைப் படமாக வரைய வேண்டும். 27 75 கட்டளை அங்குலத்துக்கு 60 புள்ளி வரையும். 10 எழுத்து அளவில் ஓர் எழுத்தின் அகலம் சரியாக 6 புள்ளி. அதனால் ஆறு நிரல்களில் வரைந்தால் பத்தி கலையாமல் ஓர் எழுத்தாகவே உட்காரும்:

27 75 6 0 176 184 180 226 160 0

27 75-க்கு அடுத்து வரும் 6 0 நிரல்களின் எண்ணிக்கை. பிறகு ஒவ்வொரு எண்ணும் ஒரு நிரல். மேல் ஊசி 128, அதற்குக் கீழே 64, 32, 16, 8, 4, 2, 1. முதல் நிரலின் 176 என்பது 128 + 32 + 16, அதாவது மேலிருந்து ஒன்றாம், மூன்றாம், நான்காம் ஊசிகள். சதுரக் கட்டத் தாளில் குறியை வரைந்து, ஒவ்வொரு நிரலையும் இப்படிக் கூட்டிக்கொண்டால் எந்தக் குறியையும் செய்துகொள்ளலாம்.

படத்தின் அகலம் எழுத்து அளவைப் பார்க்காது. நெருக்க எழுத்து வரியில் இதையே போட்டால் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் எழுத்து இடம் பிடித்து, தொகை நேர்கோட்டில் நிற்காது. 10-ல் தொடங்கிய நெருக்க எழுத்தில் ஓர் எழுத்து, அங்குலத்துக்கு 120 என்ற அடர்த்தியில் 7 புள்ளி. ஆகவே அங்கே:

27 76 7 0 176 184 180 226 160 0 0

தமிழில் அச்சடிப்பது

பிரிண்டருக்குள் தமிழ் எழுத்து இல்லை. கடைப் பெயரும் முகவரியும் மாறாதவை என்பதால், தாளை அச்சகத்தில் கொடுத்து அவற்றைத் தமிழில் அச்சிட்டு வாங்கிவிட்டு, மாறும் விவரங்களை மட்டும் பிரிண்டரில் அடிப்பதுதான் வேகமான வழி, அழகும் அதில்தான். வாடிக்கையாளர் பெயரோ பொருளோ தமிழில் வர வேண்டுமென்றால் அந்த வரியைப் படமாக்க வேண்டும்.

முதலில் எழுத்தை கறுப்பு வெள்ளைப் படமாக வரையுங்கள். தமிழ் எழுத்தைச் சேர்த்து வரையத் தெரிந்த நூலகம் தேவை. பைத்தானின் பில்லோவில் ராக்கம் இணைக்கப்படாவிட்டால், கொலுசு என்பதில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். வெள்ளிக் கொலுசு விற்கும் ஊரில் அப்படி ஒரு பில் வெளியே போகக்கூடாது. ஹார்ஃப்பஸ், பேங்கோ, விண்டோஸின் டைரக்ட்ரைட் ஆகியவை சரியாக வரையும். தடித்த எழுத்துருவை எடுங்கள். ஓரங்களை மென்மையாக்கும் வசதியை அணையுங்கள்.

9 பின்னில் அகலவாட்டில் அங்குலத்துக்கு 120 புள்ளி, உயரவாட்டில் 72 புள்ளி. சதுரப் புள்ளியில் வரைந்தால் எழுத்து ஒடுங்கி உயரமாக வரும். உயரத்தை 0.6 மடங்காக்குங்கள். வரைந்து முடித்த படத்தைச் சுருக்கினால் மெல்லிய கோடுகள் அழியும், வரையும்போதே அந்த விகிதத்தைக் கொடுப்பது மேல்.

உயரம் 24 புள்ளி வையுங்கள். மேல் சுழியும் கீழ்க் காலும் அதில் அடங்கும். அதை 8 புள்ளி உயரமுள்ள மூன்று பட்டைகளாக வெட்டி அனுப்ப வேண்டும்:

27 85 1
27 51 24
27 76 192 3, பிறகு 960 பைட், பிறகு 13 10 (மூன்று பட்டைக்கும்)
27 50
27 85 0

8 அங்குலத்துக்கு 960 நிரல். 960-ல் 256 மூன்று முறை போக மீதி 192, அதனால் 192 3. எப்போதும் மீதி முன்னால், மடங்கு பின்னால். 27 51 24 என்பது பட்டைகள் இடைவெளியில்லாமல் ஒட்டுவதற்கு. 27 85 1 ஒரே திசையில் மட்டும் அடிக்கச் சொல்லும். இரு திசையிலும் அடித்தால், தேய்ந்த பெல்ட் உள்ள பிரிண்டரில் பட்டைகள் ஒன்றுக்கொன்று விலகி எழுத்து உடைந்து தெரியும்.

மூன்று பட்டை சேர்ந்து மூன்றில் ஓர் அங்குலம், அதாவது சரியாக இரண்டு சாதாரண வரி. உங்கள் 36 வரிக் கணக்கில் தமிழ் வரி ஒன்றுக்கு இரண்டு என்று கழித்துக்கொண்டால் போதும்.

24 பின்னில் கட்டளை வேறு:

27 42 39 160 5

இது இரு வாட்டிலும் 180 புள்ளி, 1440 நிரல், நிரலுக்கு மூன்று பைட் மேலிருந்து கீழாக, ஆகப் பட்டைக்கு 4320 பைட். சதுரப் புள்ளி என்பதால் 0.6 மடங்கு இங்கே வேண்டாம். எழுத்தை 48 புள்ளி உயரத்தில் வரைந்து, இரண்டு பட்டையாக அனுப்பி, பிறகு 27 74 12 கொடுத்தால் இதுவும் இரண்டு வரிக் கணக்கில் நிற்கும்.

வலப்பக்க வெண்மையை அனுப்பாதீர்கள். கடைசிக் கறுப்புப் புள்ளி எந்த நிரலில் இருக்கிறதோ அதுவரை மட்டும் எண்ணிக்கையைக் கொடுத்தால் தலை மிச்ச தூரம் ஓடாது. முழுக் கறுப்பாக நிரம்பிய லோகோவும் வேண்டாம். எல்லா ஊசியும் விடாமல் அடித்தால் தலை சூடேறும், பிரிண்டர் தானாக நின்று நின்று அடிக்கும்.

கோளாறு வந்தால்

புரோகிராமைக் குடைவதற்கு முன்னால் பிரிண்டருக்கு உண்மையில் என்ன வந்தது என்று பாருங்கள். எப்சன் எல்எக்ஸ் வகையில் எல்எஃப்/எஃப்எஃப், லோட்/எஜெக்ட் இரண்டு பொத்தான்களையும் அழுத்தியபடியே மின்சாரத்தைப் போட்டால், வரும் ஒவ்வொரு பைட்டையும் 16 அடிமான எண்ணாகத் தாளில் அச்சடித்துக் காட்டும். 27 அங்கே 1பி என்று தெரியும். நீங்கள் அனுப்பிய வரிசையை இதோடு ஒப்பிட்டால், பைட் உதிர்ந்ததா, கூடியதா, இரண்டாகப் பிரிந்ததா என்று அங்கேயே தெரிந்துவிடும். பைட்டெல்லாம் சரியாக வந்திருந்தால் தவறு மிச்சமிருக்கும் நிலையில்தான்: முந்தைய பில் நடுவில் நின்றுபோய் நெருக்க எழுத்து அணையாமல் இருப்பது, 27 33 எதையோ அழித்துவிட்டது, பக்கத் தலை நகர்ந்தது.

படம் பாதி வந்து, அதற்குப் பிறகு வரும் எழுத்தெல்லாம் படமாகக் கிறுக்கினால், எண்ணிக்கையில் சொன்னதைவிடக் குறைவான பைட் அனுப்பியிருக்கிறீர்கள். பிரிண்டர் மீதிக்காக அடுத்த எழுத்துகளைத் தின்கிறது. படத்துக்குப் பின் பொருளற்ற எழுத்துகள் வந்தால் சொன்னதைவிட அதிகம் அனுப்பியிருக்கிறீர்கள்.

எல்லா எழுத்திலும் ஒரே உயரத்தில் வெள்ளைக் கீற்று ஓடினால் அது புரோகிராம் அல்ல, ஊசி உடைந்திருக்கிறது. முழு ஊசியையும் சோதிக்க 27 75 8 0 255 129 129 129 129 129 129 255 அனுப்புங்கள். நாலு பக்கமும் அடைந்த சின்னப் பெட்டி வர வேண்டும். நிற்கும் கோடுகளில் எந்த இடத்தில் விடுபடுகிறதோ அந்த ஊசிதான். படக் கட்டளை மேல் 8 ஊசிகளையே தொடும் என்பதால் 9-ஆவதை அடிக்கோடு போட்டுப் பாருங்கள்.

ஊசி உடைவதற்கு முக்கியக் காரணம் நைந்த ரிப்பன். நூல் பிரிந்த துணியில் ஊசி மாட்டி, தலை நகரும்போது முறியும். எழுத்து இன்னும் தெரிகிறதே என்று ரிப்பனை இழுத்தடிப்பது தலையின் விலையில் போய் முடியும். ஜவ்வரிசி ஆலை, மாவு மில் எடைமேடைகளில் ஸ்டார்ச் தூசி தலை ஓடும் தண்டில் எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடும். தலை இழுபட்டு, நிற்கும் கோடுகள் வளையும். அங்கே தண்டை வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள், கண்ட எண்ணெயை ஊற்றாதீர்கள். ஏற்காட்டில் மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து நெளியும், ஓரத் துளை டிராக்டர் பல்லில் உட்காராமல் கிழியும். தாள் பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, அன்றைக்கு வேண்டிய கட்டை மட்டும் வெளியே எடுத்து, இரவில் பிரிண்டரிலிருந்து தாளைக் கழற்றிப் பெட்டிக்குள் மூடி வையுங்கள். மறுநாள் மாட்டியதும் தாள் பொருத்து பொத்தானை அழுத்திவிட்டு முதல் பில்லைப் போடலாம்.